இரண்டாவது தவணை

கார்க் கடன் பெறும்போது வட்டியில் கால் விழுக்காடு குறையுமா என நாம் நுணுகி ஆராய்கிறோம். அது முறையே. ஆயினும், கார் வீட்டுக்கு வந்தபின் பெட்ரோல் நிலையத்தில் மாதந்தோறும் செலுத்தும் இரண்டாவது தவணையைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. வங்கித் தவணை ஒருநாள் முடிவுறும். கார் ஓடும்வரை இத்தவணை தொடரும்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 800 லிட்டர் தேவை. 16 கொடுத்தால் 750 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால், மிச்சம் 5,000 ரூபாய்.

இந்த மிச்சத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. உற்பத்தியாளர் குறித்துள்ள காற்றழுத்தம் டயரில் இருக்கிறதா என, கார் ஓடிச் சூடேறுமுன் சரிபார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் உருள்வதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. விடுபடாமல் உரசும் பிரேக்கும், விலகிய சக்கர அலைன்மெண்டும் அவ்வாறே எரிபொருளை வீணாக்கும். எஞ்சின் ஆயிலும் குறித்த தரத்திலேயே இருத்தல் வேண்டும். நிற்கும் காரில் ஓடும் எஞ்சினோ, ஒரு மீட்டர்கூட நகராமல் பெட்ரோலைத் தீர்க்கிறது.

மாதக் கடைசி நெருக்கடியில் முதலில் தள்ளிப்போடப்படுவது சர்வீஸ்தான். அதைச் சிக்கனமென நாம் கருதவில்லை. அது பின்னர் வட்டியுடன் திரும்பும் கடன்.

நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாகிறது. ஆகவே, வீட்டில் மிச்சமாகும் லிட்டர் நாட்டுக்கும் மிச்சமே.

காருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வைப்போம். டேங்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஓடிய தூரத்தையும் போட்ட லிட்டரையும் குறிப்போம். மைலேஜ் தொடர்ந்து சரிந்தால், தாமதியாமல் மெக்கானிக்கிடம் காட்டுவோம்.