பட்டறையில் பிறந்த வண்டி இடித்தால் பணம் தருவது யார்?

சங்கரன்கோவிலில் ஒரு பட்டறை. 20 வயது வாலிபர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வண்டி கட்டிக் கொண்டிருந்தார். பழைய மொபெட் என்ஜின். இரும்புப் பைப்பை வெல்டிங் வைத்த சட்டம். பின்னால் இரண்டு சக்கரம், மேலே பலகை. பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றப் போகிறாராம்.

கைவேலை அபாரம்! பாராட்டிவிட்டு, "தம்பி, இன்சூரன்ஸ்?" என்று கேட்டேன்.

"பழைய வண்டிக்கு இருக்குல்லா அண்ணாச்சி! அதே நம்பர் பிளேட்ட மாட்டிர வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

இங்கேதான் இருக்கிறது ஆபத்து.

இன்சூரன்ஸ் என்பது நம்பர் பிளேட்டுக்கு அல்ல. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், வண்டியின் வகை ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. இரண்டு சக்கர மொபெட் மூன்று சக்கர சரக்கு வண்டியாகி விட்டால், "நாங்கள் பாலிசி கொடுத்த வண்டி இது இல்லை" என்று கம்பெனி வாதாடும். கோர்ட்டு சொல்லிப் பணம் கட்டினாலும், அதை வண்டிக்காரரிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது.

வடநாட்டில் இப்படிக் கட்டிய வண்டிக்கு 'ஜுகாட்' என்று பெயர். அதுவும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கம்பெனி தயாரித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் 2 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே! ஆனால் அபராதம் பெரிதல்ல. தறி வேலை முடிந்து ராத்திரி நடந்து போகிறவர் மேல் இந்த வண்டி மோதிக் கால் போனால்? அவர் பெண்டாட்டி பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? நஷ்டஈடு கட்ட வாலிபரின் அப்பா வீட்டை விற்க வேண்டுமா?

வாலிபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய காரைக்கூட அரசாங்கம் தனியாகச் சோதனை போட்டு, தேறினால் நம்பர் கொடுக்கிறது. பிறகு இன்சூரன்ஸ் போடலாம். சின்ன வயசுக்காரர் என்றால் பிரீமியம் அதிகம், அவ்வளவுதான். நம் ஊரில் மூன்றாம் நபர் இன்சூரன்சுக்கு வயது கணக்கே இல்லை, வண்டியின் வகையும் அளவும்தான் கணக்கு. வசதி இருக்கிறது. ஆனால் பட்டறையில் கட்டிய வண்டி அந்த வாசலுக்கே போக முடியவில்லை. கம்பெனிகள் மாடல் வண்டியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று வாங்குகின்றன. ஒற்றை வண்டிக்கு ஒரு ஏழைப் பையன் அப்படி அலைவது நடக்கிற காரியமா?

எனவே அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிறு சரக்கு வண்டிகளைக் குறைந்த கட்டணத்தில் சோதித்து, தேறியதற்கு நம்பர் கொடுக்கட்டும். தேறாததை உடைக்கட்டும். பட்டறைக்காரர்களும் முன்பணம் வாங்குமுன் உண்மையைச் சொல்லட்டும்.

அதுவரை, தம்பி, ஆர்.சி.யும் இன்சூரன்சும் உள்ள பழைய சரக்கு ஆட்டோ ஒன்றைப் பாரும். அதற்குரிய லைசென்சும் எடும். உம்ம வெல்டிங் திறமை எங்கேயும் போய்விடாது. போன கால் திரும்பி வராது!