காவல் கூலி யார் கணக்கில்?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, செங்கல், காரோடு ஆகிய ஊர்களில் வாழ்வோர் மாநில எல்லையை அன்றாடம் ஒரு தெருவைக் கடப்பதுபோலக் கடக்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே சந்தைக்குப் போய்வந்த குடும்பங்கள் இரு மாநிலக் காவல்துறைகளின் ஆளுகைக்குள் பிரிந்தன. 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபின் அமரவிளையின் வணிகவரிச் சோதனைச்சாவடிக்கும் வேலையில்லாமல் போயிற்று. இவ்வூர்களின் இளம்பெண்கள் பலர் காலைத் தொடர்வண்டியிலும் பேருந்திலும் திருவனந்தபுரத்துத் துணிக்கடைகளுக்கும் பல்பொருள் அங்காடிகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஓணத்திற்கும் கிறிஸ்துமசுக்கும் அவர்தம் குடும்பத்தினர் அதே கடைகளுக்குப் பொருள் வாங்கப் போகின்றனர். பெருங்கடைகளில் நிகழும் திருட்டைத் தடுக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை, இவ்விரு நிலைகளிலும் அக்கடைகளுக்குள் நுழையும் இம்மக்களின் பக்கமிருந்து எழுப்புவது பயனுடையது.

வழக்கமான விவாதத்தில் இரண்டு தரப்புகளே பேசுகின்றன. வரி செலுத்தும் வணிகரின் உடைமையைக் காப்பது அரசின் கடமை என்பது ஒன்று; ஆதாயம் ஈட்டும் நிறுவனமே காவலுக்கும் பணம் கொடுக்கட்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் அச்செலவின் கணிசமான பகுதி இன்று அரசின் ஏட்டிலும் இல்லை, நிறுவனத்தின் ஏட்டிலும் இல்லை. விற்பனைப் பெண்ணின் சம்பளத்திலும், சந்தேகத்திற்கு ஆளான வறியவரின் மானத்திலும் அது கழிக்கப்படுகிறது.

முன்பெல்லாம் மளிகைக் கடையில் பொருள்கள் மேசைக்கு அப்பால் இருந்தன. கேட்டதை எடுத்துத் தர ஆள் இருந்தார். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்னும் கடை, வாங்குவோரே தட்டுகளிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. கேரளத்தில் 1990-களில் திருவனந்தபுரத்திலிருந்து பரவிய மார்ஜின் ஃப்ரீ கடைகள் இம்முறையைச் சிற்றூர் மக்களுக்கும் பழக்கின. எடுத்துத் தரும் ஆளின் கூலி மிச்சமாகிறது. கண்ணெதிரே அடுக்கிய பொருள் கையைத் தூண்டுவதால் விற்பனையும் பெருகுகிறது. அதே தூண்டுதல் ஒரு சிலரைத் திருடவும் வைக்கும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தே ஏற்கப்பட்ட விளைவு. எனவே கடைக்குள் நிகழும் கண்காணிப்பு, மின்கட்டணம்போலவும் வாடகைபோலவும் அவ்வணிக முறையின் உள்செலவு. ஆளைக் குறைத்த ஆதாயம் நிறுவனத்திற்கு, ஆளில்லாததால் நேரும் இழப்பைத் தடுக்கும் பொறுப்பு பொதுமக்களுக்கு என்று பிரிப்பதில் நேர்மை இல்லை. திருட்டுப்போன சரக்கை வருமானவரிக் கணக்கில் வணிக இழப்பாகக் கழிக்கவும் இடமுண்டு. அவ்வகையில் பொதுக் கருவூலம் ஏற்கெனவே ஒரு பங்கைச் சுமக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதில் கவனிக்கத்தக்க ஒரு மாற்றத்தைச் செய்துள்ளது. ரூ. 5,000-க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், 303-ஆம் பிரிவின்படி சமூக சேவையே தண்டனை. இது நீதிபதியின் உத்தரவின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாத, பிணையில் விடத்தக்க குற்றம். காவல் நிலையத்தார் புகாரைக் குறித்துக்கொண்டு, புகார் தந்தவரை நீதிமன்றத்திற்குச் செல்லச் சொல்லலாம். தனிமனிதர் ஒருவர் மற்றொருவரைக் கைது செய்யும் உரிமையும், பிணையில் விட இயலாததும் ஆணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைத் தம் கண்முன் செய்தவர் மட்டில்தான் உண்டு. அதாவது, 1,800 ரூபாய்ச் சேலையை எடுத்தவரிடம் கடைக் காவலாளி சேலையைத் திருப்பிக் கேட்கலாம். அவரை அறைக்குள் பூட்டிவைக்கச் சட்டம் இடந்தரவில்லை.

அதே சட்டத்தின் 305-ஆம் பிரிவோ வேறு முகம் காட்டுகிறது. மனிதர் வாழும் கட்டடத்திலோ, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ நிகழும் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை. கடையும் பொருளைப் பாதுகாக்கும் கட்டடமே என வாதிட இடமிருக்கிறது. ஒரே சேலைக்குச் சமூக சேவையா, பிணையற்ற வழக்கா என்பது எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பேனாவை அசைக்கும் வலிமை, நெடுஞ்சாலையோரப் பெட்டிக்கடைக்காரருக்கும் நகரத்துப் பெருநிறுவனத்தின் மேலாளருக்கும் ஒன்றாக இருக்கும் என நம்புவது கடினம்.

சட்டத்தின் இந்த இடைவெளியில்தான் கடைகளின் தனிநீதி வளர்கிறது. பின்னறைக்கு அழைத்துச் செல்வதும், பையைக் கொட்டுவதும், விலையின் பல மடங்கைக் கட்டினால் விடுவதாகச் சொல்வதும், கண்காணிப்புக் காமிராப் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் காவல்துறையின் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடுகள் எனக் கருதப்படுகின்றன. சட்டவிரோதமாக அடைத்துவைத்தலும் மிரட்டிப் பணம் பறித்தலும் தனித்தனிக் குற்றங்கள் என்பது அங்கே மறக்கப்படுகிறது. இதன் கொடிய எல்லையைக் கேரளம் 2018 பிப்ரவரி 22 அன்று கண்டது. அட்டப்பாடியில் கடைகளிலிருந்து அரிசி முதலிய உணவுப் பொருள்களைத் திருடினார் எனக் குற்றஞ்சாட்டிப் பழங்குடி இளைஞர் மதுவைக் கும்பல் அடித்துக் கொன்றது; 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. சீருடை அணிந்தோரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 2021 ஆகஸ்டில் ஆற்றிங்கலை அடுத்து, கைப்பேசி திருடியதாக எட்டு வயதுச் சிறுமியையும் தந்தையையும் பெண் காவலர் ஒருவர் பொதுச்சாலையில் விசாரித்தார். கைப்பேசி காவல் வாகனத்திலேயே இருந்தது. அச்சிறுமிக்கு ரூ. 1.5 லட்சம் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தவறான சந்தேகத்திற்கும் ஒரு விலை உண்டு. காவல் செலவைப் பற்றிப் பேசுவோர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தென்தமிழகத்தில் ஆங்கிலேயர் காலத்திற்கு முன்பிருந்தே நிலவிய பாடிகாவல் முறையை இங்கு நினைவுகூரலாம். ஊரார் காவற்காரருக்குக் காவல் கூலி அளந்தனர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதும், இயலாவிடில் ஈடு கட்டுவதும் காவற்காரர் பொறுப்பு. அம்முறையில் மிரட்டலும் இருந்தது, துப்புக்கூலி என்னும் பெயரில் பேரமும் இருந்தது. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் கூலி பெற்றவரே ஈடு கட்டினார் என்ற ஒழுங்கேனும் அதில் இருந்தது. இருப்புக் கணக்கில் குறையும் சரக்கின் விலையை அந்தப் பிரிவின் விற்பனைப் பெண்கள்மீது பங்கிட்டுச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளில் அவ்வொழுங்கும் இல்லை: காவல் கூலி கிடையாது, ஈடு மட்டும் உண்டு. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் இதற்குத் தெளிவான வரம்பு கட்டியுள்ளன. குறிப்பிட்டு ஒப்படைக்கப்பட்ட பொருள், அவ்வூழியரின் கவனக்குறைவாலேயே நேர்ந்த இழப்பு, விளக்கம் சொல்ல வாய்ப்பு ஆகியவை இன்றிப் பிடித்தம் செல்லாது. நூறு பேர் கைவைக்கும் திறந்த அடுக்கு எவரிடமும் ஒப்படைக்கப்பட்ட பொருளாகாது. கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும்தான் இவ்வூழியர்க்கு உட்காரும் உரிமையே சட்டத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணினால், பிடித்தத்தை எதிர்த்து வாய்திறக்கும் வலிமை அவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்பது விளங்கும்.

அப்படியானால் நிறுவனங்கள் காவல்துறைக்கே நேரடியாகப் பணம் கட்டட்டும் என்பது எளிதாகத் தோன்றும் தீர்வு. 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டத்திலேயே, கேட்பவர் செலவில் கூடுதல் காவலரை நிறுத்த விதி இருந்தது. அதே சட்டம் கலகம் நடந்த ஊரில் ஊராரின் செலவில் தண்டக் காவல் படையை நிறுத்தவும் வழிசெய்தது. 1908-இல் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அந்தச் சுமையை அனுபவித்தன. அண்மைக் காலத்தில் 2009-இன் சட்டத்திருத்தத்தால் தனியார் நிறுவனங்களும் கட்டணம் செலுத்தி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையைப் பெறலாயின. கேரளத்தில் 2022-இல் கண்ணூர் மாவட்டம் பானூரில் ஒரு திருமண வீட்டிற்குக் கட்டணத்திற்குக் காவலர் அனுப்பப்பட்டபோது காவலர் சங்கத்தினரே எதிர்த்தனர். பிரத்தியேகக் காவல் சேவையைக் கேரளக் காவல் சட்டம் தடுக்கிறது என்று சுட்டினர். மறு ஆண்டு வெளியான கட்டண விவரத்தில் ஆய்வாளருக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல், காவல் நாய்க்கு ஏழாயிரத்திற்கு மேல் எனக் கண்டு மலையாள நாளேடுகள் நகைத்தன. நகைப்பிற்கப்பால் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையின் பணத்தில் நிற்கும் காவலர், அதே கடைக்காரர் வாடிக்கையாளரை அடைத்துவைத்தால் யார் பக்கம் நிற்பார்?

இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் காற்பந்து மன்றத்திற்கும் மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறைக்கும் நடந்த வழக்கில் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் எல்லையை வரைந்தது. மன்றத்திற்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் நிறுத்தப்படும் சிறப்புக் காவலுக்கு மன்றம் பணம் தர வேண்டும். சுற்றுத் தெருக்களில் அமைதி காப்பது காவல்துறையின் பொதுக்கடமை. கடைக்கும் இக்கோடு ஏறத்தாழப் பொருந்தும். சுவருக்குள் கண்காணிப்பது நிறுவனத்தின் செலவு. புகாரை விசாரிப்பதும், வழக்கு நடத்துவதும், கும்பலாகத் தொழில்முறையில் திருடுவோரை எல்லை தாண்டித் தேடுவதும் அரசின் செலவு. அவ்விரண்டாவது செலவில் கடையின் அளவு பார்க்கலாகாது. உதியன்குளங்கரையில் ஒற்றை ஆளாகப் பலசரக்குக் கடை நடத்துபவருக்கு ஒரு மூட்டை அரிசி போனால் வாரத்து ஆதாயம் போயிற்று. அவருக்குக் காமிரா அறையும் இல்லை, சட்ட ஆலோசகரும் இல்லை. ரேஷன் அரிசிக் கடத்தலையும் கழிவு வண்டிகளையும் துரத்திக்கொண்டிருக்கும் பாறசாலை, களியக்காவிளை நிலையங்களின் எஞ்சிய நேரம், முதலில் தொலைபேசியில் அழைக்கும் பெருங்கடைக்கே போய்விடுமானால் இவருக்கு மிஞ்சுவது ஏதுமில்லை.

கேரள அரசு செய்யக்கூடியது பெருஞ்சீர்திருத்தம் அன்று. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்ற காவலர்களை, பெண் காவலர் உட்பட, குறிப்பிட்ட பரப்பிற்கு மேற்பட்ட கடைகள் தம் செலவில் வைக்கவேண்டும் என விதிக்கலாம். வாடிக்கையாளரை நிறுத்தி விசாரித்த ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு ஏட்டில் எழுதச் செய்து, அதைத் தொழிலாளர் துறை அலுவலரும் காவல் நிலையத்தாரும் கேட்டால் காட்டவேண்டும் என்று ஆணையிடலாம். சரக்குக் குறைவுக்கான சம்பளப் பிடித்தத்தைத் தொழிலாளர் துறையினர் சம்பளப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு நாள் ஆய்வுக்குச் சென்றாலே தொடங்கிவிடக்கூடிய பணி அது.