முழுக்கைச் சட்டை

போன மாசம் பழவேற்காடு போயிருந்தேன். ஏரி, நண்டு, டச்சுக் கல்லறைன்னு படம் காட்டுற பதிவு இல்லீங்க இது. (அது தனியா வரும்.)

குப்பத்துல தெரிஞ்ச அக்கா வீட்ல உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து மீன் ஆய்ஞ்சு கொடுத்துச்சு. பதினேழு வயசிருக்கும். கொளுத்துற வெயில்ல முழுக்கைச் சட்டை, தண்ணில நனைஞ்சும் மடிச்சு விடலை. அவ போனப்புறம் அக்கா சொன்னாங்க: "ஹோம்ல இருந்துட்டு வந்தவ தம்பி. கையெல்லாம் கோடு கோடா கிழிச்சு வச்சிருக்கா. திமிரு."

அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்தியிருக்கேன். அவ திருடல, அடிக்கல. ஒரு பையனோட போனா. அவன் மேல போக்சோ. இவ வீட்டுக்குப் போகமாட்டேன்னா, அதனால குழந்தைகள் இல்லம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குத்தம் செஞ்ச பிள்ளைக்குக் கூர்நோக்கு இல்லம், பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளைக்குக் குழந்தைகள் இல்லம். காகிதத்துல ரெண்டும் வேற வேற. வெளிய பூட்டுற சத்தம் கேக்குற பொண்ணுக்கு என்ன வித்தியாசம்? இல்லத்துல வைக்கிறது கடைசி வழியா இருக்கணும்னும் அதே சட்டம்தான் சொல்லுது.

2016 ஜூலையில சென்னை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துல பையன்கள் தங்களையே கீறிக்கிட்டுக் கூட்டமா தப்பினது ஞாபகமிருக்கும். நாம பேசினதெல்லாம் "தப்பி ஓட்டம்" பத்தி. ஏன் கீறிக்கிட்டாங்கன்னு எத்தனை பேர் கேட்டோம்? பொண்ணுங்க ஓடுறதில்ல, சட்டைக்கைய இழுத்து விட்டுக்கிறாங்க. அது செய்தியே ஆகாது.

இப்படிக் கீறிக்கிற பலருக்குச் சாகுற எண்ணம் இருக்காது. தாங்கமுடியாத ஒண்ணு உள்ள கொதிக்கும்போது உடம்பு வலி கொஞ்ச நேரம் அதை அடக்கும், அவ்வளவுதான். சின்ன வயசுல அடியோ அத்துமீறலோ பட்டவங்ககிட்ட இது அதிகம். தனியறையில போட்டா, திட்டினா, நிக்காது. மறைவா நடக்கும்.

சட்டத்துக்கு இது கொஞ்சம் புரிஞ்சிருக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் கருதணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லிச்சு. பழைய 309-ம் 2024 ஜூலையோட போச்சு. ஆனா புது நியாய சன்ஹிதாவுல 226-னு ஒண்ணு: அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்த தற்கொலைக்கு முயன்றா ஒரு வருஷம் வரை தண்டனை. "மிரட்டுறா சார்"னு ஒரு வார்டன் எழுதினா போதுமேன்னு எனக்குப் பயமா இருக்கு.

"கவுன்சிலர் இருக்காங்களே"ன்னு சொல்வீங்க. சரி, வெளிய வந்தப்புறம்? பொன்னேரிக்குப் பஸ் ஏறணும். அம்மாவுக்கு ஒரு நாள் மீன் வியாபாரம் போச்சு. முசாஃபர்பூர் இல்லத்துல நடந்த கொடுமை டாட்டா சமூக அறிவியல் நிறுவன ஆளுங்க உள்ள போய் பொண்ணுங்ககிட்ட உட்கார்ந்து கேட்டதாலதான் 2018-ல வெளிய வந்துச்சு. 2020-ல பத்தொன்பது பேர் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. நம்ம ஊர் இல்லங்கள்லயும் வெளியாளுங்க இப்படிப் போய்க் கேக்கணும், அறிக்கையைப் பூட்டி வைக்காம வெளியிடணும்.

கிளம்புறப்ப அக்காகிட்ட கேட்டேன், அவகிட்ட யாராவது ஏன்னு கேட்டீங்களான்னு.

"கேட்டா அழுவா தம்பி. அதான் கேக்கல."

டெலி மானஸ் நம்பரை, 14416, ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். அக்கா அதை ஐஸ் பெட்டி மூடிக்கு அடியில சொருகி வச்சாங்க.