பாட்டுக்கு உரியவர் யார்?

1692ஆம் ஆண்டு. நார்வேயின் வடகோடியில் உள்ள வாட்சோவில் ஆண்டர்ஸ் பால்சன் என்ற, சாமி எனப்படும் வட ஐரோப்பியப் பழங்குடி முதியவர்மீது மாந்திரீக வழக்கு நடந்தது. சான்றுப்பொருள், அவர் குறி பார்க்க அடித்த தோல் மேளம். இறுதித் தீர்ப்பு வருமுன்னே, காவலில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். மேளம் டென்மார்க் அரசின் சேகரிப்புக்குப் போனது. 1979இல் இரவலாகக் காராஷோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்துக்கு வந்த அது சாமி மக்களுக்கே சொந்தமானது 2022இல்தான்.

மேளத்தோடு சேர்த்துப் பழிக்கப்பட்டது யோய்க் என்னும் அவர்களுடைய பாட்டு. பாதிரிமார் அதைப் பேயின் குரல் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் பரவிய லெஸ்டாடிய சமய எழுச்சிக்குப் பின் சாமி வீடுகளிலேயே அது பாவமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிகளும் அதை உள்ளே விடவில்லை. வெளியார் விதித்த தடை இப்படி உள்ளூர் வெட்கமாக மாறியது. தடையை நீக்கிவிடலாம், வெட்கம் அத்தனை எளிதில் போகாது.

யோய்க்கில் சொற்கள் குறைவு. ‘லோ’, ‘லா’, ‘நா’ போன்ற அசைகளே பல பாட்டுகளைச் சுமக்கின்றன. தொடக்கமும் முடிவும் திட்டமாக இருப்பதில்லை. ஒரு குழந்தைக்கு, ஓநாய்க்கு, மலைக்கு என்று தனித்தனியே யோய்க் உண்டு. கட்டியவர் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. யாரைப் பாடுகிறதோ அவருக்கே அது சொந்தம். தன்னைத் தானே பாடிக்கொள்வது தற்பெருமை. ஆகவே ஒருவருக்கு யோய்க் இருக்கிறது என்றால், அவரை நினைத்துப் பாட இன்னொருவர் இருக்கிறார் என்று பொருள். இறந்தவரையும் பாடி அருகில் வைத்துக்கொள்ளலாம். யோய்க் மனநலத்துக்குத் துணையாகிறது என்றால், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. நினைவு தவறிய முதியோரின் பராமரிப்பில் யோய்க்கின் பயனை நார்வே ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட முதியவருக்கு அதே பாட்டு உறுத்தவும் கூடும். கேட்டறிந்து பாடுவதே முறை.

1968இல் சாமி கலைஞர் நில்ஸ்-அஸ்லாக் வால்கேயபா இசைத்தட்டு வெளியிட்டு யோய்க்குக்குப் புதுவாழ்வு தந்தார். 1994 லில்லஹாம்மர் ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகமே அவர் குரலைக் கேட்டது. இடையில் 1980இல், வட நார்வேயின் ஆல்டா ஆற்று அணைக்கு எதிராகச் சாமி மக்கள் போராடிக்கொண்டிருந்தபோதே, யூரோவிஷன் பாட்டுப்போட்டி மேடைக்கு நார்வே அனுப்பிய பாடலில் யோய்க் ஒலித்தது. கைதட்டலும் கிடைத்தது; அணையும் எழுந்தது. பின்னரும் அதே கதைதான்: நார்வேயின் ஃபோசென் பகுதிக் காற்றாலைகள் சாமி பனிமான் மேய்ப்போரின் உரிமையை மீறுகின்றன என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் அவை சுழல்வது நிற்கவில்லை.

யோய்க்கை மதிப்பதாகச் சொல்லும் அரசுகள் அதன் சட்டத்தையும் மதிக்கட்டும். பாடப்பட்டவருக்கே பாட்டு சொந்தம் என்றால், மலையின் யோய்க் மலைக்கும் பனிமானின் யோய்க் பனிமானுக்கும் உரியவை. உரியவரை விரட்டிவிட்டுப் பாட்டை மட்டும் பண்பாடு என்று போற்றுவது, சொத்தைப் பறித்தவன் சொந்தக்காரனுக்கு விருது கொடுப்பதுதான்.