பொதி இயந்திரத்தைப் பேணுவது யார் பொறுப்பு?

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பேசாத நிர்வாகம் இல்லை. ஒரு மணிக்கு எத்தனை பேல், ஒரு நாளைக்கு எத்தனை டன் என்று கணக்குக் கேட்பார்கள். அதே இயந்திரம் ஓய்ந்த பிறகு அதை எங்கே வைத்தார்கள், யார் துடைத்தார்கள், எதைக் கொண்டு மூடினார்கள் என்று கேட்பவர் அரிது. பழுதாகிவிட்டால் மட்டும் உடனே ஒரு கேள்வி எழும்: "கடைசியாக இதைத் தொட்டவன் யார்?" அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் ஒரு தொழிலாளியின் பெயராகவே இருக்கிறது. இது நியாயமா என்பதைத் தோழர்கள் சிந்திக்க வேண்டும்.

பால்மரத்தில் கத்தி வைப்பவருக்கு ஸ்டோர் இயந்திரத்தில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு. அந்தக் காலத்தில் நமது ரப்பர் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் கப்பலேறியது. பலகைச் சிராய்கள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வாங்குவோரிடம் கெட்ட பெயரைக் கொண்டுவந்தன. பிறகு பெட்டி போய், ரப்பரையே மேலுறையாகச் சுற்றிய பேல்கள் வந்தன. 1965-இல் எஸ்.எம்.ஆர். தர முறை பிறந்தது. அதன்படி கட்டி ரப்பர் ஒரு பேல் 33⅓ கிலோ; 30 பேல் சேர்ந்தால் ஒரு டன். எஸ்.எம்.ஆர். 20 என்னும் தரத்தில் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பேலுக்கு ஏறத்தாழ 53 கிராம். பிரஸ் பெட்டியின் துருவும், தரையில் கிடந்த மணலும், உடைந்த பாலட் பலகையின் தூளும் அந்தச் சிறு அளவுக்குள் இடம் பிடிக்கின்றன. விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்து சேர்த்த பாலின் தரம், ஸ்டோரில் ஒரு துருப்பிடித்த தகரத்தால் குறைந்துபோகலாம். விலை குறைந்த மாதத்தில் முதலில் பேச்சு எழுவது நமது சம்பளத்தைப் பற்றித்தான் அல்லவா?

தராசின் சங்கதி இதைவிட நெருக்கமானது. பால் நிறுக்கும் தராசும் பேல் நிறுக்கும் தராசும் ஸ்டோர்ச் சாமான்களே. தட்டில் உறைந்த பால் ஒட்டியிருந்தாலும், பாரத்தை ஏற்றியபடியே இரவெல்லாம் விட்டு ஸ்பிரிங் தளர்ந்தாலும் நிறை பிசகும். நிறையைக் கொண்டு கூலி பெறுபவனுக்குத் தராசின் பராமரிப்பே கூலியின் பராமரிப்பு. வியாபாரத் தராசுகள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போய் முத்திரை பெற வேண்டும். முத்திரையைப் பார்க்கக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

இது தோட்டத்தோடு நிற்கும் விஷயமும் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாக மாறியும் போனதால் நமது பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கிடங்கு வேலைக்குப் போகிறார்கள். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு நடை நடந்து பாருங்கள். கீழே ஜவுளிக்கடை, மேல்மாடியிலோ பின்கட்டிலோ சரக்கறை. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னே பிளாஸ்டிக் உறை ஒட்டும் இயந்திரமும், பெட்டிக்கு நாடா கட்டும் இயந்திரமும், பாலட் வண்டியும் இரவு பகலாக ஓடும். பெருநாள் முடிந்த மறுவாரம் அவற்றைத் துணி மூட்டைகளுக்கு இடையில் தள்ளிவிடுவார்கள். தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் பால் குறைந்து பிரஸ் ஓய்ந்து நிற்பதும் இதே கதைதான். ஓய்வுக் காலத்தில் செய்யத் தவறிய வேலை, சீசன் தொடங்கும் முதல் நாளில் ஒருவரின் விரலைக் கேட்கிறது.

நமது நாட்டின் ஈரக் காற்றை நாம் அறிவோம். வெள்ளத்தையும் அறிவோம். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் நகரமே நீரில் நின்றது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்துக்கு அருகே இருக்கும் கடைத்தெருவில் மோட்டாரைத் தரையில் வைப்பது எவ்வளவு பெரிய அசட்டை!

சரி, எப்படிப் பேணுவது? செலவு அதிகம் இல்லாத முறைகளே உண்டு. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். உறை ஒட்டும் இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, சூட்டுக் கம்பியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் துடைத்து எடுத்த பிறகே மூட வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ்ஸின் தண்டை உருளைக்குள் இறக்கிவிட வேண்டும். வெளியே நீட்டி நின்றால் தண்டு துருப்பிடிக்கும், துரு உள்ளே போய் ரப்பர் வளையத்தைக் கிழிக்கும், பிறகு எண்ணெய் ஒழுகும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடும். செம்பு ரப்பருக்கு நஞ்சு. ஆகையால் செம்பு, பித்தளைத் துணுக்குகளைப் பொதிக்கும் இடத்தில் சிந்த விடலாகாது. நாடா கட்டும் இயந்திரத்தின் கத்திக்கு உறை போட வேண்டும். பாலட் வண்டியின் கரங்களைத் தரைமட்டத்துக்கு இறக்கி நிறுத்த வேண்டும். பாலட் பலகைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் படுக்க வைத்து அடுக்க வேண்டும். சாய்ந்து நிற்கும் பலகை யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, காற்றுப் போகும்படி வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடுவது துருவுக்குப் பாய் விரிப்பதாகும்.

இன்னொன்று மிக முக்கியம். சுத்தம் செய்யக் கழற்றிய பாதுகாப்புக் கூண்டை அந்த இயந்திரத்தோடேயே கட்டி வைக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் பிரஸ்ஸின் கூண்டைக் கழற்றிச் சாக்குக் குவியலுக்குப் பின்னே போட்டிருந்தார்கள். வேலை தொடங்கிய நாளில் அதைத் தேட நேரம் இல்லை என்றது நிர்வாகம். இரண்டு வாரம் கூண்டில்லாமலே ஓடியது. மூன்றாம் வாரம் ஓர் இளைஞன் இரண்டு விரல்களை இழந்தான். விசாரணையில் எழுதப்பட்ட காரணம் "கவனக்குறைவு". கூண்டு எங்கே என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: பேணுதல் ஒரு வேலை. வேலை என்றால் அதற்கு நேரம் வேண்டும், கூலி வேண்டும், பொறுப்பாளர் பெயர் வேண்டும். "போகிற போக்கில் துடைத்துவிட்டுப் போ" என்று சங்கு ஊதிய பிறகு சொல்வது செல்லாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளி தன் இஷ்டம்போல் போக முடியாமல் முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமே. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது வரம்பு. வழக்கமான நேரத்துக்கு மேல் உடலுழைப்புச் செய்பவருக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாத கூலி உண்டு.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரத்தை இயக்குவதை மட்டுமன்றி அதைக் கையாளுவதையும், சேமித்து வைப்பதையும், கொண்டுசெல்வதையும் முதலாளியின் கடமையில் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தது. 1967-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலை இயந்திரச் சட்டம் அன்றே விலகியது. ஒருசில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களும் இப்போது இதற்குள் அடங்கும். மஸ்ஜித் இந்தியாவின் மாடிக் கிடங்கும் அடங்கும். கண்ணெதிரே ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகலாம் என்கிறது 26ஏ பிரிவு. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் ஸ்டோரைப் பற்றிப் பேசுங்கள்.

நமக்கும் கடமை இல்லாமல் இல்லை. கத்தியைத் தீட்டி வைக்காத பால்வெட்டுக்காரர் உண்டா? அதே மனத்தோடு பொது இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். பழுதை மறைக்காமல் அன்றே சொல்ல வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் காட்டிக்கொடுக்க வேண்டும். அவர் விரலும் விரல்தான்.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. "பிரஸ் – 1, தராசு – 2" என்று எண்ணிக்கை மட்டும் எழுதும் புத்தகம் பாதிப் புத்தகம். எந்தத் தேதியில் நின்றது, யார் துடைத்தார், கூண்டு இருக்கிறதா, எந்தப் பழுது எப்போது நிர்வாகத்துக்குச் சொல்லப்பட்டது என்ற நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள். நாளை ஒரு தொழிலாளியின்மேல் பழி வரும்போது, அந்த நான்கு வரிகளே அவருக்காகச் சாட்சி சொல்லும்.

கிளைச் செயலாளர்கள் இம்மாதமே தத்தம் ஸ்டோரைச் சுற்றிப் பார்த்து, பேணுதல் நேரத்துக்குக் கூலி உண்டா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை; கடிதத்துக்குப் பதில் வந்தே தீர வேண்டும்.