வடக்கத்தியார் எல்லோரும் ஒன்றல்ல

"வடக்கத்தியான் வந்தான், நம் கூலி போயிற்று" என்ற பேச்சு திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பஞ்சாலைகளிலும் கேட்கிறது. வங்காளத் தொழிலாளர் நடவுக்கு வரத் தொடங்கிய பிறகு தஞ்சை, திருவாரூர் வயல்களிலும் கேட்கிறது. கூலியைக் குறைத்தது யார்? ரயிலில் வந்து இறங்கியவரா, அவரைக் குறைந்த கூலிக்குப் பேசிக் கமிஷன் அடிக்கும் காண்டிராக்டரா? மேடையில் இதை நம் தோழர்கள் சரியாகவே சொல்கிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் எல்லோரையும் "இந்திக்காரன்" என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள்.

ஆலை விடுதியில் இருக்கும் ஒடிசாப் பெண்ணின் தாய்மொழி ஒடியா. இந்தி அவருக்கும் அந்நிய மொழிதான். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது அவர் ஊர் வழக்கம், 'பகாளா' என்பார்கள். நம் பழைய சோறு அல்லாமல் அது வேறென்ன? ஜார்க்கண்டிலிருந்து வரும் சந்தால்கள் பழங்குடி மக்கள், சந்தாலி பேசுகிறவர்கள்.

பீகார்த் தொழிலாளிக்குத் தீபாவளியைவிடப் பெரிது, அது கழிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜை. வீட்டுப் பெண்கள் ஒன்றரை நாள் தண்ணீரும் குடியாமல் விரதமிருந்து, ஆற்றில் நின்று, மறையும் சூரியனையும் மறுநாள் உதிக்கும் சூரியனையும் வணங்குவார்கள். அதற்கு ஊருக்குப் போனவரை "சொல்லாமல் ஓடிவிட்டான்" என்று மேஸ்திரி எழுதுகிறார். நம்மவரும் சேர்ந்து சிரிக்கிறார். பொங்கலுக்கு லீவு இல்லை என்றால் நாம் சும்மா இருப்போமா?

1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டார் வேலையைப் பறிக்கிறார்கள் என்பதே அதன் கோஷம். தமிழரும் அடிபட்டார்கள். அதே சேனைதான் ஆலைப் பகுதிகளில் செங்கொடிச் சங்கத்தின் மீதும் பாய்ந்தது. கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் 1970இல் படுகொலை செய்யப்பட்டார்.

இங்கே 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளரைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பயந்துபோன தொழிலாளி உண்மையை யாரிடம் கேட்பார்? அவர் பாஷை தெரிந்த ஒரே ஆள் காண்டிராக்டர் என்றால் காண்டிராக்டரிடம்தான் கேட்பார்.

ஆகவே சங்க நோட்டீஸ் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளியிலும் வர வேண்டும். எழுதத் தெரிந்தவர் விடுதியிலேயே இருப்பார். அவரைக் கமிட்டியிலும் சேர்க்க வேண்டும். போனஸ் கோரிக்கையோடு சட் பூஜை லீவும் பட்டியலில் ஏறட்டும். மத விழாவுக்குச் செங்கொடியா என்று சிலர் கேட்கக்கூடும். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி தின்கிற தோழர்களாவது அதைக் கேட்க வேண்டாம்.