பாதையைப் பணயம் வைத்துப் பேச முடியுமா?

வியாபாரிக்கு விலை பேசாத நாளில்லை. விற்பவர் ஒன்று சொல்வார், வாங்குபவர் ஒன்று கேட்பார், கடைசியில் ஓரிடத்தில் இணங்கிப் போவார்கள். நமக்கு இவ்வளவு இலகுவான காரியம் அரசாங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஏன் கஷ்டமாகிறது? வன்னியில் நடந்ததைப் பார்த்தாலே விளங்கும்.

2002 பெப்ரவரி 22இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் யுத்தநிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. இரு பக்கச் சோதனைகளும் புலிகள் அறவிட்ட வரியும் இருந்தும் லொறிகள் ஓமந்தையைத் தாண்டிக் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடின. செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய பேச்சுவார்த்தை ஆறு சுற்றுகளோடு 2003 மார்ச்சில் ஜப்பானில் நின்றுவிட்டது.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டதும் பாதை மூடப்பட்டது. ஒக்டோபர் 28, 29இல் இரு தரப்பும் ஜெனீவாவில் சந்தித்தன. முதலில் பாதையைத் திறக்க வேண்டும் என்றனர் புலிகள். அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. கடல் வழியாகப் பொருட்களை அனுப்பலாம் என்றது. அடுத்த சந்திப்புக்குத் திகதி கூடக் குறிக்காமல் கலைந்தார்கள். 2008 ஜனவரி 16உடன் ஒப்பந்தமும் செத்தது. யுத்தம் முடிந்த பின்னர்தான் பாதை மீண்டும் மக்களுக்குத் திறந்தது.

அரசாங்கம் சொன்ன பாதுகாப்புக் காரணத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் பெரிய விடயத்தில் இணக்கம் வராதபோது மக்களின் அரிசியும் மருந்தும் போகும் பாதையே அடகுப் பொருளாகிவிட்டது. விட்டுக்கொடுத்தால் தம் பக்கத்தவரே பலவீனம் என்பார்களே என்ற பயம் இரு தரப்புக்கும் இருந்தது. மேசைக்கு எதிரே இருப்பவரை விடப் பின்னால் நிற்பவரைச் சமாளிப்பதே பேச வந்தவருக்குப் பெரும்பாடு.

இன்னொரு குறை நம்மோடு சம்பந்தப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்பாடு கண்டார்கள். இருந்தும் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு கிடைக்கவேயில்லை. 2005 ஜூனில் சுனாமிப் பொதுக்கட்டமைப்பிலும் இரு தரப்பே கையெழுத்திட்டது. ஜூலையில் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. பங்காளிகள் மூவர் இருக்க இருவர் மட்டும் எழுதிய உறுதி எத்தனை நாள் தாங்கும்?

மூன்றாவது குறை, தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமை. கண்காணிப்புக் குழு மீறல்களை எண்ணிக் குறித்தது. நிறுத்தும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தும் இந்த நோய் தீரவில்லை. வவுனியாவுக்கு வந்த பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016இல் அரசியல்வாதிகள் இழுபறிப்பட்டார்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டிடம் எழுந்தது. எழுந்தும் பல வருடங்கள் பூட்டியே கிடந்தது. நட்டப்பட்டவர் மரக்கறி விளைவித்த விவசாயியும் அதை வாங்கி விற்கும் நம்மவரும்தான். சண்டை பிடித்தவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை.

நமது சங்கங்களிலும் கூட்டு வியாபாரங்களிலும் தொழிலாளரோடும் பிணக்கு வரும்போது இதை நினைவில் வைப்போம். பாதிக்கப்படும் எல்லோரையும் மேசைக்கு அழைப்போம். பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வோம். எதிர்த்தரப்பு மானத்தோடு வீடு போக ஒரு வழி விடுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாடப் பிழைப்பைப் பணயம் வைக்காதிருப்போம். கடையைப் பூட்டிவிட்டுப் பேசினால் இரு பக்கமும் பசியோடுதான் பேச வேண்டும். கடை திறந்திருக்கட்டும், பேச்சும் நடக்கட்டும்.